அருவி நிலவரத்துக்கு யார் காசு தருவார்?

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர், விடுதி உரிமையாளர் குத்தாலிங்கம் அண்ணாச்சி அவர்களே! கைதட்டக் கஞ்சம் காட்டாத கணினித் தொழில் நண்பர்களே! ஆய்க்குடியிலிருந்தும் சுரண்டையிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே! நரைத்த பின்னும் புதியது கேட்க வந்த பெரியோர்களே! இந்த ஸ்ரீமதியின் வணக்கம்.

இணையச் செயலி எழுதிவிடலாம். அதை வைத்துச் சோறு தின்பது எப்படி? அதுதான் இன்றைய பேச்சு.

குற்றாலத்தில் எந்த அருவியில் குளிக்கலாம், எதில் வெள்ளம், எதில் தடை? இதைச் சொல்லும் இணையதளம் என்னுடையது. அது ஓடுவது என் வீட்டுக் கணினியில் அல்ல. கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினியில், வாடகைக்கு. பார்க்கும் கூட்டம் கூடக்கூட வாடகையும் கூடும். சாரல் விழுந்தால் ஊருக்குக் கொண்டாட்டம், எனக்கோ திண்டாட்டம்!

முதலில் விளம்பரம் வைத்தேன். வந்ததா வருமானம்? வந்தது, டீ குடிக்க! தடை அறிவிப்பின் மேலேயே ஜவுளிக்கடை விளம்பரம் வந்து உட்கார்ந்ததால் வசவும் வந்தது. அடுத்து கமிஷன். என் தளம் வழியாக அறை பிடித்தால் விடுதி எனக்குப் பங்கு தரும். நல்ல வழிதான். ஆனால் ஒரு விடுதிக்காரர் என்ன கேட்டார் தெரியுமா?

"தாயி, தடைன்னு ஒடனே போடாத. வண்டியெல்லாம் சுரண்டையத் தாண்டி வரட்டும், பொறவு போடு. ஒன் வாடகை பூராத்தையும் நானே கட்டுதேன்."

யார் அவர் என்றா கேட்கிறீர்கள், பின்வரிசைத் தம்பி? பெயர் சொன்னால் மரியாதையாக இருக்காது. என்ன அண்ணாச்சி? "நாந்தாம்மா அது, சொல்லு" என்கிறாரே தலைவர்! பெரிய மனசு, தட்டுங்கள் கையை!

வாடகை கட்டாவிட்டால் அந்த மாதமே தளம் நின்றுவிடும். சம்மதித்தால் ஓடும், பொய் சொல்லிக்கொண்டு ஓடும். ஓடி என்ன பயன்? மறுத்துவிட்டேன். மறுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுதேன், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அப்போதுதான் கோவில்பட்டியிலிருந்து வேன் ஓட்டுநர் சங்கரபாண்டி போனில் பேசினார். "எம்மா, நீ தடைன்னு போட்டதப் பாத்து வண்டியத் திருச்செந்தூருக்குத் திருப்பிட்டேன். ஏறுனவுக ஒருத்தரும் ஏசல. இனிமே தடை விழுந்தா என் போன்ல மணி அடிக்க மாதிரி செய்யி, துட்டு தாரேன். சீசனுக்கு மட்டுந்தான். மத்த மாசம் எனக்கு எதுக்கு?"

கிடைத்துவிட்டது வழி! பார்ப்பது எல்லாருக்கும் இலவசம். மணி அடிப்பது சந்தா கட்டியவருக்கு. மாதச் சந்தா அல்ல, சீசன் சந்தா. விளம்பரம் வையுங்கள், கமிஷன் வாங்குங்கள், சந்தா கேளுங்கள். ஆனால் யாரிடம் கேட்பது? தகவல் தெரியாவிட்டால் யாருக்கு நட்டமோ, அவரிடம் கேளுங்கள், தருவார்! மறைக்கச் சொல்பவரிடம் வாங்கினால் தளம் இருக்கும், தகவல் இருக்கும். நம்பிப் பார்க்க ஓர் ஆள் இருக்க மாட்டார்!

பொறுங்கள், என் கைபேசி. அருவிக்கரையில் நிற்கும் என் தோழி ஜோதிலட்சுமி. "பேரருவியில தடை போட்டாச்சு, சீக்கிரம் ஏத்துட்டீ" என்கிறாள். நாளை சனிக்கிழமை. தலைவரின் விடுதியில் எல்லா அறைக்கும் ஆட்கள் பதிந்திருக்கிறார்கள். அண்ணாச்சி…

"என் மூஞ்சிய எதுக்குப் பாக்க? போடு தாயி" என்கிறார்.

போட்டுவிட்டேன். அரங்கில் அங்கங்கே மணி அடிக்கிறதே! சந்தா கட்டிய சொந்தங்களே, நன்றி. இதோ, தலைவரின் சட்டைப் பையிலும் அடிக்கிறது! அவருக்கும் நன்றி. எல்லாரும் பத்திரமாக ஊர் போய்ச் சேருங்கள், வணக்கம்.