மாதுமையைப் பிளாக்கி கடிக்கவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் உயர்திரு அடைக்கப்பன் அவர்களே, பெற்ற மகளைப் பறிகொடுத்துவிட்டு முன் வரிசையில் இருக்கும் அன்னபாக்கியம் அம்மா அவர்களே, ஈப்போவிலிருந்தும் பத்து காஜாவிலிருந்தும் ஆயர் தாவாரிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வணக்கம். கால்நடை மருத்துவர் தனேஸ்வரி பேசுகிறேன். கண்ணீரோடு பேசத்தான் என்னை அழைத்தார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைவர் அவர்களே, எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 'நாய்க்கடிக்குப் பலியான தாதி மாதுமை இராஜசிங்கம் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.' யார் எழுதியது இது? யாரைக் கேட்டு எழுதினீர்கள்? மருத்துவமனையில் அவர் உடலருகே நின்றவள் நான். மாரடைப்பு என்றார்கள். உடம்பில் புதிதாக ஒரு பல் தடம்கூட இல்லை! அப்புறம் எந்த நாய் கடித்தது? உங்கள் கைப்பேசிக்குள் இருந்த நாயா?

என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். பத்து காஜா பக்கம் பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லய வீட்டிலிருந்து சுகுமாரன் அண்ணன் தன் நாயை என் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார். பெயர் பிளாக்கி. கிட்டப் போனால் உறுமும், தலையில் கை வைத்தால் பாயும். "வெறி புடிச்சிருச்சு டாக்டர், ஊசி போட்டு முடிச்சிருங்க லா," என்றார். என் கிளினிக் தாதி மாதுமைக்கு வந்ததே கோபம்! "வெறி இல்லண்ணே, வலி. கட்டிப் போட்டீங்களே, எங்க வலிக்குதுன்னு பார்த்தீங்களா?" என்று சத்தம் போட்டார். கிளினிக்கே திரும்பிப் பார்த்தது.

பார்த்தோம். இரண்டு காதும் உள்ளே புண்ணாகிச் சீழ் கட்டியிருந்தது. குட்டையான சங்கிலி கழுத்தை அறுத்து அங்கேயும் புண். அந்த வலியோடு நீங்களும் நானும் இருந்தால் வருகிறவனைக் கும்பிடுவோமா? கடித்துக் குதற மாட்டோமா?

நான் மருந்து எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதைப் பிளாக்கியின் காதில் விட வேண்டியவர் யார்? மாதுமை! தரையில் பக்கவாட்டில் உட்காருவார். அதன் கண்ணை நேராகப் பார்க்க மாட்டார். கருவாட்டு நெத்திலியை ஒன்றொன்றாகத் தூக்கிப் போடுவார். உறுமினால் கையை எடுத்துவிடுவார், அதட்ட மாட்டார். பிளாக்கி தானாக வந்து அவர் மடியில் தலையைச் சாய்க்கும்வரை காத்திருந்தார். சிகிச்சை என்றால் இது! அதற்கு இந்த ஊர் கொடுத்த பட்டம் என்ன? தாதியை மிஸ்ஸி என்போமே, அதனால் 'நாய் மிஸ்ஸி!' கல்யாண வீட்டில் அவர் காதுபடவே, "இராஜசிங்கம் மகள் டாக்டராகாம நாய்க்குப் போய் மிஸ்ஸி வேலை பார்க்குது," என்று சிரித்தீர்கள். அவர் சும்மா விடுவாரா? "ஆமா லா, நாய் மிஸ்ஸிதான். ஒங்க வீட்டு நாய்க்கு முடியலன்னா கூச்சப்படாம வாங்க," என்றார். வந்தீர்களா, இல்லையா? இந்த மண்டபத்தில் பாதிப் பேர் வந்தவர்கள்தானே!

அவர் இறந்த அன்று, கிளினிக்கின் பின்கட்டில் பிளாக்கிக்குக் காது மருந்து விட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நான் உள்ளே அறுவை அறையில் இருந்தேன். பிளாக்கி ஊரைக் கூட்டிக் குரைத்தது. அவர் சட்டைக் கையைக் கவ்வி இழுத்தது. குரைப்பைக் கேட்டு ஓடி வந்தீர்களே, என்ன செய்தீர்கள்? கீழே கிடந்த மனுஷியைத் தூக்கினீர்களா? கட்டையை எடுத்து நாயை அடித்தீர்கள்! ஒருவர் வீடியோ எடுத்தார்! அதுதான் நாய்க்கடி என்று ஊரெல்லாம் கைப்பேசியில் சுற்றியது! நான் வந்து உங்களைத் தள்ளிவிட்டுத்தான் அவர் நாடியைப் பிடித்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அவரைக் காப்பாற்றியிருக்குமா, எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் நான் இருக்க வேண்டும்.

முனியாண்டி சாமி பக்கத்தில் நிற்கிற சிமெண்டு நாய்க்கு மாலை போடுகிறோம். உயிரோடு இருக்கிற நாய் உதவிக்குக் கூப்பிட்டால் முன்னங்காலை உடைக்கிறோம். வெட்கமாக இல்லையா நமக்கு?

இப்போது குடியிருப்பில் கையெழுத்து வாங்குகிறார்களாம், கிளினிக் நாய்களையெல்லாம் பிடித்துப் போகச் சொல்லி! சுகுமாரன் அண்ணனும் நேற்றுப் போன் செய்தார். "ஊரே பேசுது டாக்டர். என்னால தலை காட்ட முடியல. முடிச்சிருங்க." முடியாது அண்ணே! வெறிநோய் இல்லை என்று கண்காணித்து உறுதி செய்தவள் சொல்கிறேன், முடியாது! மருத்துவமனையில் அன்னபாக்கியம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "என்ட பிள்ளைய நாய் கொன்டதெண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது. அவள் அதைத் தாங்கமாட்டாள்." அம்மா, சொல்ல விடமாட்டேன்.

தலைவர் அவர்களே, அந்தப் பதாகையை இறக்கச் சொல்லுங்கள். இப்போதே. இறக்கியதற்கு நன்றி.

தோட்டத்து நாய்களுக்கு வைத்தியம் பார்க்க மாதுமை மாதந்தோறும் ஓட்டிக்கொண்டு போன கிளினிக் வேன் நிற்காது. இந்த மாதமும் போகும், நான் ஓட்டுகிறேன். இனி யாராவது வந்து 'வெறி' என்று சொன்னால், எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்போம். இது நான் அவருக்குக் கொடுக்கும் வாக்கு.

அடுத்து மௌன அஞ்சலி. அந்த வேன் மண்டப வாசலில்தான் நிற்கிறது. உள்ளே பிளாக்கி இருக்கிறான், காலில் கட்டோடு. நாம் எல்லோரும் அமைதியாகிவிட்டால் அவன் குரைப்பான். அவன் கூப்பிட்ட மாதுமை இன்னும் எழுந்திருக்கவில்லை. யாரும் அவனை அதட்டக் கூடாது. சுகுமாரன் அண்ணே, நீங்கள் மட்டும் இங்கே நிற்க வேண்டாம். வெளியே போய் வேன் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் உட்காருங்கள். கண்ணை நேராகப் பார்க்காதீர்கள். நெத்திலி முன் இருக்கையில் இருக்கிறது.

மற்றவர்கள் எழுந்து நில்லுங்கள்.