சின்னதா இருக்கு

டீ ஆறிவிடும், சுதாகர். குடித்துக்கொண்டே கேளுங்கள். உங்கள் அப்பாவின் கால் படங்கள் எல்லாம் ஏன் தபால்தலை அளவில் டாக்டருக்குப் போயின என்று கேட்டீர்கள். சின்ன விஷயம்தான்.

மலைமேல் இந்தச் செம்மேட்டில் இன்டர்நெட் சென்டரை 2006இல் திறந்தேன். சொந்த ஊர் பேளுக்குறிச்சி. இங்கே எனக்கு யாரும் இல்லை. மழை நாட்களில் ருஷ்ய நாவல்களின் மொழிபெயர்ப்புகளைப் படித்துக்கொண்டு பனியைப் பார்த்திருப்பேன். அந்தக் கதைகளில் யாராவது கதவைத் தட்டிக்கொண்டு வருவார்கள். இங்கே ஒரு வியாழக்கிழமை உங்கள் தங்கை கீர்த்தனா வந்தாள், வாழவந்தி நாட்டு பஸ்ஸிலிருந்து அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு.

உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை. காலில் இருந்தது வலி தெரியாத புண். மருத்துவ முகாமுக்கு வந்த சேலத்து டாக்டர் வாரம் ஒரு படம் மெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தார். கறுப்பு பரவினால் உடனே மலையிறங்கி அவரிடம் போய்விட வேண்டும். நானே படம் எடுத்தேன். என் மெயிலிலிருந்தே அனுப்பினேன்.

"ஏனுங்ணா, பெருசாத்தானே எடுத்தீங்க? இந்த மெயில்ல மொளகாட்டம் சின்னதா நிக்குது," என்றாள்.

"போய்ச் சேரும்போது பெருசாயிரும்," என்றேன். அப்போது அதை நம்பினேன்.

மறு வியாழன் பதிலைத் திறந்தோம். ஆங்கில எழுத்தில் தமிழ். 'ரொம்பச் சின்னதா இருக்கு. மறுபடி அனுப்புங்க.' கீர்த்தனா எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, புண்ணு சின்னதாத்தான் இருக்குதாமா."

"எங்கண்ணுக்குப் பெருசாத் தெரியுதே, கண்ணு."

"அப்ப நீங்களே டாக்டரு ஆயிருங்க."

அன்று ஒரு மணி நேரம் இருந்து பேசினாள். ஒரு நாவலையும் வாங்கிப் போனாள்.

மாலையே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். படத்தை இழுத்துப் போட்டேன், ஒட்டிப் பார்த்தேன், இணைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சுருங்கியது. கடைசியில் ஆப்ஷன்ஸில் ஒரு கட்டம். 'அனுப்பும்போது படத்தைச் சுருக்கு.' அதில் ஒரு டிக். எடுக்க ஒரு கிளிக் போதும். ஆனால் எடுத்தால், டாக்டர் சொன்னது புண்ணை அல்ல, படத்தை என்று அவளிடம் சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்பு போய்விடும். அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் சொன்னால், ஏன் போன வாரமே சொல்லவில்லை என்று கேட்பாள். நம் மலைச் சாலை போலத்தான், நடு வளைவில் பஸ்ஸைத் திருப்ப முடியாது.

'இன்னும் சின்னதாவே இருக்கு' என்று டாக்டர் எழுத எழுத, அவள் எனக்கு அன்னாசிப்பழம் கொண்டுவந்தாள். கறுப்பு கணுக்காலுக்கு ஏறியதை நான் கேமராவில் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவள் டாக்டரை நம்பினாள்.

ஐந்தாவது கடிதம் திங்கட்கிழமை வந்தது. 'படம் சின்னதா வருது, ஒண்ணும் தெரியல. காத்திருக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க.' முதல் தடவையாக அதில் படம் என்ற சொல் இருந்தது. அழித்துவிட்டேன்.

வியாழனன்று, "பதில் வரலீங்களாண்ணா?" என்று கேட்டாள். திரையைக் காட்டினேன். அதில் ஒன்றும் இல்லை. நான் அவளிடம் பொய் சொன்னதே கிடையாது.

அதற்கடுத்த வியாழன் அவள் வரவில்லை. உங்கள் அப்பா புதன்கிழமையே தவறிவிட்டார் என்று பஸ் கண்டக்டர் சொன்னார்.

இன்று காலை அந்த டிக்கை எடுத்துவிட்டேன், சுதாகர். இனிமேல் எந்தப் படமும் சுருங்காது. கீர்த்தனாவிடம் சொல்லுங்கள். வியாழக்கிழமை வரச் சொல்லுங்கள்.