எண்பத்தேழாம் பக்கத்து ‘நாங்கள்’

மணி இரவு ஒன்று நாற்பது. மலைப்பாதை. மேலே ஏறுகிற வண்டி ஒன்றே ஒன்று... கீழே இறங்குகிற வண்டி கிடையாது.

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். எங்கோ காதில் விழுந்த கதை இல்லை இது. இதோ, போர்வைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே நம் அச்சகக்காரர்... அவருடைய அக்கா மகனுக்கு நடந்தது. சந்தேகம் இருந்தால் அவரையே கேட்கலாம். காலையில் கேளுங்கள். இப்போது வாயைத் திறக்க மாட்டார்.

அந்த அக்கா மகன் இயற்பியலில் ஆராய்ச்சி மாணவன். துறையில் அவனைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவள் அவனுக்கு மூத்த மாணவி, ஆந்தை அக்கா. விடிய விடியத் தொலைநோக்கியோடு மல்லுக்கட்டிவிட்டு, காலை எட்டு மணிக்கு வந்து, “என்னப்பா எல்லாரும் இவ்வளவு சோர்வா இருக்கீங்க?” என்று கேட்கிற ரகம். தூக்கம் வந்தால் நெற்றியில் தைலம் பூசிக்கொள்வாள். நொடிகளை எண்ணும்போது பேனாவைப் பல்லில் தட்டுவாள். டிக்... டிக்... டிக். பேனாவில் எப்போதும் பச்சை மை. மலைமேல் தொலைநோக்கி இருக்கிற கோபுரத்துக்குள் எரிவது சிவப்பு விளக்கு மட்டும். அதில் சிவப்பு மை மறைந்துபோகும், பச்சை மை கறுப்பாகத் தெரியும்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு ஜோடி நட்சத்திரம். ஒன்றை ஒன்று சுற்றுகின்றன. ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஒன்று மற்றதை மறைக்கும். அது மிகவும் மங்கிப்போவது ஒரே ஒரு ராத்திரி. அந்த ராத்திரிக்காக அவள் நாலரை வருடம் கணக்குப் போட்டாள். அதற்கு ஒன்றரை வருடம் இருக்கும்போது, ஒரு விடியற்காலை வேலை முடிந்து இறங்கி வருகையில்... ஒன்பதாவது வளைவு. இன்றைக்கும் அந்த வளைவில் மட்டும் தடுப்புக் கம்பி புதுசு.

இந்த இடத்தில் வழிகாட்டிப் பேராசிரியரைச் சொல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் நாங்கள் சார். ஆராய்ச்சியில் ‘நான்’ என்ற சொல்லே வரக்கூடாது. ஒற்றை ஆளாகக் குளிரில் நடுங்கினாலும் ‘நாங்கள் நோக்கினோம்’ என்றுதான் எழுத வேண்டும். “அது அறிவியலோட பணிவுப்பா” என்பார். அந்தப் பணிவு அவர் பேச்சிலும் ஊறிப்போயிருந்தது. “மத்தியானம் நாங்கள் கொஞ்சம் கண் அசந்துட்டோம்” என்பார். அவர் அறையில் இருப்பது ஒரே ஒரு சாய்வு நாற்காலி.

ஆந்தை அக்கா போன ஏழாம் நாள் சார் அவனைக் கூப்பிட்டு அவளுடைய பதிவேடுகளைக் கொடுத்தார். “பாதி வேலை நிக்குது. நீ முடிச்சுடு. பேரு உன் பேரு மட்டும்தான்.”

“நன்றியுரையிலயாவது அக்கா பேரைப் போடலாமா சார்?”

“போட்டா எத்தனை ராத்திரி அவளோடது, எத்தனை உன்னோடதுன்னு கேப்பாங்க. எண்ணிச் சொல்லுவியா?”

அவன் பதிவேடுகளை வாங்கிக்கொண்டான்.

ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஒரு தொலைபேசி வரும். ஆந்தை அக்காவின் அம்மா. “தம்பி... அவ புஸ்தகம் வந்துடுச்சா?” முதல் தடவை அவன் வாய் தவறி, “வந்துடும்மா, அக்கா பேரோடயே வரும்” என்று சொல்லிவிட்டான். அதைத் திரும்ப எடுக்க அவனுக்கு வழி தெரியவில்லை. பதினெட்டு மாதம் அதையே சொன்னான்.

சரி... அந்த ராத்திரி. அந்தி முதல் மேகம். ஒன்றேகாலுக்குச் சார் தொலைபேசியில் எழுப்பினார். “வானம் விட்டுடுச்சு. கிளம்பு கிளம்பு. நாங்கள் உன்னைத்தான் நம்பியிருக்கோம்.” படுக்கையிலிருந்து நம்பினார்.

ஒன்பதாவது வளைவில் வண்டி தானாக வேகம் குறைந்தது. அவன் கம்பியைப் பார்க்கவில்லை... தைல வாசனை மட்டும் வந்தது. மலையில் மரங்கள் இருக்கின்றன, எல்லா வாசனையும் வரும் என்று நினைத்துக்கொண்டான்.

கோபுரத்தைத் திறந்தான். கர்ர்ர்... டக். கிழட்டுத் தொலைநோக்கி அது. விட்டால் நட்சத்திரத்தை விட்டு நழுவும். ஒருவர் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்து, நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானைத் தட்டி நேராக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் நட்சத்திரம் புள்ளியாக விழாது, கோடாக இழுத்துக்கொள்ளும். முக்கியமான நேரம் மூன்று பத்து. இரண்டே முக்காலுக்கு முதல் படம் எடுத்தான். பதிவேட்டில் நீல மையில் எழுதினான். கொஞ்சம் சாய்ந்தான்...

பெயர் சும்மா வைப்பார்களா?

விழித்தபோது ஐந்து இருபது.

ஆறு வருடம்... இனி இன்னும் ஆறு வருடம். படங்களைத் திறந்தான். முதல் படம். இரண்டாவது... பத்தாவது... முப்பத்தொன்றாவது. எல்லாவற்றிலும் நட்சத்திரம் குண்டூசி முனை மாதிரி புள்ளியாக இருந்தது. ஒரு கோடு இல்லை, ஓர் இழுப்பு இல்லை.

பதிவேட்டைப் பார்த்தான். அவனுடைய ஒரு வரிக்குக் கீழே முப்பது வரிகள். நேரம், காற்று, குளிர்... கடைசி வரியில், ‘மேகம் இல்லை. தூங்கட்டும்.’

சிவப்பு விளக்கில் எழுத்து கறுப்பாக இருந்தது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தான். விடியல் வெளிச்சத்தில் பச்சை.

அவன் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதான். பயந்து அழவில்லை.

சாரிடம் காட்டினான். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “அரைத் தூக்கத்துல நீயே எழுதியிருப்பே. யாரோ பச்சைப் பேனாவை விட்டுட்டுப் போயிருப்பாங்க.” பிறகு படங்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “பிரமாதம்! நாங்கள் சாதிச்சுட்டோம்!”

ஆய்வேடு எழுதி முடிந்தது. கொடுப்பதற்கு முந்தின நாள் சாருக்கு ஒரு யோசனை. “இது முழுக்க உன் சொந்த உழைப்புன்னு தெரியணும். ‘நாங்கள்’னு இருந்தா, யாரு அந்த இன்னொருத்தர்னு கேப்பாங்க. எல்லாத்தையும் ‘நான்’ ஆக்கிடு.” இருபது வருடத்துப் பணிவு ஒரே மத்தியானத்தில் போயிற்று.

கணினியில் ஒரே தட்டு. இருநூற்றுப் பதினான்கு இடங்களில் ‘நாங்கள்’ ‘நான்’ ஆனது. ஆனால் வினைச்சொல் அப்படியே நின்றது. ‘நான் பதிவு செய்தோம்.’ ‘நான் கண்டோம்.’ படிக்கவே ஒரு மாதிரி இருந்தது... ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் நிற்கிற மாதிரி. விடிய விடிய உட்கார்ந்து ஒவ்வொரு ‘தோம்’ஐயும் ‘தேன்’ ஆக்கினான். அன்றைக்கு மட்டும் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் மாமா அச்சகத்தில் ஆறு பிரதிகள். கறுப்பு மை, அந்த இயந்திரத்தில் வேறு மையே கிடையாது.

வாய்மொழித் தேர்வு. குளிரூட்டிய அறை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தார்... நின்றார்.

“எல்லா இடத்திலயும் ‘நான்’. எண்பத்தேழாம் பக்கத்துல மட்டும் ‘மறைப்பு நடந்த இரவு நாங்கள் பதிவு செய்தோம்’னு இருக்கே. யாரு தம்பி அந்த நாங்கள்?”

அறையில் தைல வாசனை வந்தது. அவனுக்கு வலப்பக்கம் இருந்த காலி நாற்காலியிலிருந்து... டிக்... டிக்... டிக்.

அவன் வாயைத் திறந்தான். சார் முந்திக்கொண்டார். “அச்சுப் பிழை. என்னப்பா?”

டிக்... டிக்...

“ஆமா சார்” என்றான் அவன். “அச்சுப் பிழைதான்.”

சத்தம் நின்றுவிட்டது. வாசனையும் போய்விட்டது. அதற்கப்புறம் மலையிலும் வரவில்லை, ஒன்பதாவது வளைவிலும் வரவில்லை. பல நாள் வேண்டுமென்றே அங்கே வண்டியை நிறுத்திப் பார்த்தான். வரவேயில்லை.

பட்டம் கிடைத்தது. சார் மாலை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்.

முதல் தேதி வந்தது. தொலைபேசி மணி அடிப்பதற்குள் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்கே போய்விட்டான். மாமா கையால் கட்டி, உறை போட்டு, அதுவரை யாரும் பிரிக்காத பிரதி. எண்பத்தேழாம் பக்கத்தைக் காட்டலாம், ‘இந்த நாங்கள்ல அக்காவும் இருக்காம்மா’ என்று சொல்லலாம் என்பது அவன் கணக்கு. அவனிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். அட்டையைத் தடவினார். “அவ பேரு எங்க தம்பி?”

“உள்ளே இருக்கும்மா” என்று சொல்லிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தான். பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு அந்த அம்மா மெதுவாக, “இது அவ எழுத்தாச்சே...” என்றார்.

அவன் திரும்பினான்.

‘நாங்கள்’ மேல் ஒரு கோடு. அதற்கு மேலே, சாய்ந்த சின்ன எழுத்தில், ‘நான்’. வினைச்சொல்லையும் அவள் விடவில்லை. ‘தோம்’ஐ அடித்து, ‘தேன்’.

மறைப்பு நடந்த இரவு நான் பதிவு செய்தேன்.

அந்த அம்மா அந்தச் சொல்லை விரலால் தடவிப் பார்த்தார். விரலைக் கண்ணருகே கொண்டு போனார்.

நுனியில் பச்சை. மை இன்னும் காயவில்லை.