இடது பக்கக் கீறல்கள்

— மெதுவாக்கா, மெதுவா! அது ஐரோப்பாவுல பொறந்த வண்டி. கதவை அடிச்சுச் சாத்தினா கோவிச்சுக்கும்.

— இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவ தம்பி நான். எனக்குக் கதவு சாத்தத் தெரியாதா? அடேங்கப்பா, வெளியில இருக்கிற அதே பால் நிறம் உள்ள டேஷ்போர்டுலயும்! சீட்டு வேற செக்கச்செவேல்னு இருக்கு.

— அழகுக்கென்ன கொறச்சல். ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. ரெண்டே கதவு. பின் சீட்டுல உக்காந்தா முழங்கால் தாடையில இடிக்கும்.

— நான் ஒண்டிக்கட்டை. பின்னால என் கைப்பைதான் உக்காரும்.

— டிக்கியில ஒரு பெட்டிதான் போகும். அடுத்த பெட்டியை மடியில வச்சுக்கணும்.

— அம்பது அறுபது பேரை ஏத்தி எறக்கினது போதும்ப்பா. இனிமே எனக்கு எதுக்குப் பெட்டியும் மூட்டையும்?

— பள்ளத்துல எறங்கினா முதுகெலும்பை ஒண்ணொண்ணா எண்ணிடலாம். ஒரு சின்ன பார்ட் போச்சுன்னா கப்பல்ல வரணும், மாசக்கணக்கா வாசலைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணும்.

— ஏன் தம்பி, விக்கிற ஆள் பேசற பேச்சா இது? எனக்கு முன்னாடி வந்தவங்களையும் இப்படித்தான் வெரட்டினீங்களா?

— நாலு பேரை. உண்மையைச் சொல்லிடறேன்க்கா, எனக்கு விக்க மனசே இல்ல. அந்த உருண்டை ஹெட்லைட்டைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன். எந்தச் சந்துல விட்டாலும் புகுந்து வந்துடும். விளம்பரம் குடுத்தது என் வீட்டுக்காரி. கொஞ்சம் சீக்கிரம் பாருங்களேன், மூணரைக்குப் பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும்.

— வீட்டுக்காரிக்கு இது மேல என்ன கோவம்?

— கீறல். மாசம் ஒண்ணு விழுது. "பதினெட்டு வருஷமா ஓட்டறீங்க, இப்ப என்ன மறந்து போச்சா?"ன்னு கேக்கறா. நான் என்னக்கா பண்ணுவேன்? ஸ்டைலுங்கிற பேர்ல பின் ஜன்னல் கண்ணாடியை உள்ளங்கை அளவுக்கு வச்சிருக்கான். அதுக்குப் பக்கத்துல கூரையைத் தாங்க இவ்ளோ தடிமனா ஒரு தூண். எல்லாத்தையும் மறைக்குது. போன வாரம் ஒரு சைக்கிள்காரர், எங்கிருந்து வந்தார்னே தெரியல. மயிரிழையில தப்பினார். எனக்கு ரெண்டு நாள் தூக்கமே இல்ல.

— எந்தப் பக்கத்துல வந்தார்?

— இடது பக்கம். ஏன்?

— வரும்போதே வண்டியைச் சுத்திப் பார்த்தேன். அத்தனை கீறலும் இடது பக்கம்தான் இருக்கு. முன் பம்பர்லயே மூணு. அந்தத் தூண் பின்னாலதானே தம்பி இருக்கு?

— அக்கா, மணி மூணு பத்து. வாங்கறதுன்னா சொல்லுங்க, இல்லன்னா நான் கெளம்பறேன்.

— பாப்பா எங்க உக்காரும்?

— இதோ, நீங்க உக்காந்திருக்கிற சீட்டுலதான். ரெண்டு கதவு வண்டியில பின்னால ஏற மாட்டேங்கறா.

— ரெண்டே ரெண்டு நிமிஷம். டிப்போவுக்குப் புது டிரைவர் வந்தா ஒரு சோதனை வைப்போம். நீங்க நேரா எதிர்ல இருக்கிற அந்த கேட்டைப் பாருங்க. கண்ணாடிகளைப் பார்த்துக்கலாம், தலையை மட்டும் திருப்பக்கூடாது. நான் எறங்கி உங்க வலது பக்கத்துல ஆரம்பிச்சு, பின்னால போய், ஒரு முழுச் சுத்து சுத்தி வரேன். நான் வாயே திறக்க மாட்டேன். எங்க தெரியறேன்னு நீங்கதான் சொல்லணும்.

— இதெல்லாம் எதுக்குக்கா?

— தூண் எவ்ளோ மறைக்குதுன்னு வாங்கறவளுக்குத் தெரிய வேண்டாமா?

— சரி, சீக்கிரம் நடங்க. ம்... தெரியுது. வலது கண்ணாடியில இருக்கீங்க. இப்ப பின்னால, பாதித் தலை. இப்ப காணோம். பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல, அந்தத் தூண்தான்! இன்னும் காணோம். நடக்கறீங்களா, நின்னுட்டீங்களா? அக்கா? அக்கா, பாப்பா ஸ்கூல் கேட்டுல வந்து நின்னுடுவா, எங்க போயிட்டீங்க?

— எங்கயும் போகல தம்பி. தூணைத் தாண்டி எப்பவோ முன்னாடி வந்துட்டேன். இடது ஹெட்லைட்டு பக்கத்துல நின்னு ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டே இருக்கேன். சாவியை அப்படியே விட்டுட்டு பாப்பா சீட்டுக்கு மாறி உக்காருங்க, ஸ்கூலுக்கு நான் ஓட்டறேன்.