பாறையிடுக்குப் புல்

ஆக்னஸ்: ...மறுபடியும் ஊத்தியிருக்கீங்க. தொட்டிக்கு அடியில தண்ணி நிக்குது.

தேவசகாயம்: செடின்னா தண்ணி ஊத்தத்தான செய்வாங்க.

ஆக்னஸ்: இது பாறையிடுக்குல வளர்ற புல்லுங்க. தண்ணி நின்னா வேர் அழுகிரும். ஏற்கெனவே ரெண்டு தொட்டி போச்சி. இது ஒண்ணுதான் மிச்சம்.

தேவசகாயம்: பேகம்பேட்டுல அவனவன் பால்கனியில ரோஜா வைக்கான். நம்ம வீட்டுல புல்லு. நேத்து வீடு கூட்ட வந்த நாகம்மா புடுங்கிப் போடப் பாத்தா. நான்தான் தடுத்தேன்.

ஆக்னஸ்: நீங்களா?

தேவசகாயம்: ஏன், தடுக்கக் கூடாதா?

ஆக்னஸ்: துணி காயப்போட இடமில்லன்னு போன மாசம் நீங்கதான தூக்கி எறியப் போனீங்க.

தேவசகாயம்: அத விடு... என்ன புல்லுன்னாவது தெரிஞ்சிச்சா?

ஆக்னஸ்: எத்தனை தடவ சொல்லுதேன்? கதிர் வரணும். இலைய வச்சிப் பாத்தா எல்லாப் புல்லும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். கதிரப் பிரிச்சி லென்ஸ்ல பாத்தாத்தான் பேர் சொல்ல முடியும்.

தேவசகாயம்: உங்க காலேஜ் சீதாராமன் சார் என்னமோ சொன்னாருன்னியே.

ஆக்னஸ்: முப்பது வருஷமா புல்லு மட்டுமே பாக்குற மனுஷன். காஞ்ச தூறு ஒண்ணு அனுப்புனேன். இலையும் தண்டும் சேர்ற இடத்துல இப்படி வெள்ள முடி பாத்ததே இல்ல, கதிரோட அனுப்பும்மான்னாரு. போன்ல குரலே ஒரு மாதிரி ஆயிருச்சி.

தேவசகாயம்: புல்லுக்கா?

ஆக்னஸ்: ஒரு ப்ரோகிராம் ஓடுச்சின்னு உங்க ஆபீஸ்ல கேக் வெட்டலியா?

தேவசகாயம்: சரி, சரி.

ஆக்னஸ்: இதுவும் போனாலும் போயிரும். கச்சிபௌலிக்குக் கெளம்புங்க. ஜூன்ல உங்க ஆபீஸ் விழாவுக்குப் போனப்ப, பின்னால பாறையில இந்தப் புல்ல எடுத்தேன்ல, அங்க போயி இன்னும் நாலு தூறு எடுத்துட்டு வந்துருவோம்.

தேவசகாயம்: இன்னைக்கா... தெனம் ஆபீஸ் கேப்ல அங்கதான போறேன், ஞாயித்துக்கெழமையுமா?

ஆக்னஸ்: போன வாரம் தலவலி. அதுக்கு முந்தின வாரம் வண்டி பஞ்சர். அதுக்கு முன்னால கோயிலுக்குப் போகணும்னீங்க. போனீங்களா?

தேவசகாயம்: வெயில் கொல்லுது, ஆக்னஸ்.

ஆக்னஸ்: வெளிய பாருங்க, மழை தூறுது.

தேவசகாயம்: அடுத்த வாரம் போவோம்.

ஆக்னஸ்: நீங்க இருங்க. நான் பஸ்ல போறேன். சாக்கு எடுத்தாச்சி.

தேவசகாயம்: போகாத.

ஆக்னஸ்: ஏன்?

தேவசகாயம்: அங்க ஒண்ணுமில்ல.

ஆக்னஸ்: ஒண்ணுமில்லன்னா?

தேவசகாயம்: பாறைக்கு வெடி வச்சிட்டாங்க. மூணு வாரம் ஆச்சி. கேப்ல போகும்போது பாத்தேன். இப்ப குழிதான் கெடக்கு.

ஆக்னஸ்: ...முழுசுமா?

தேவசகாயம்: முழுசும். மத்தியானம் சாப்பாட்ட விட்டுட்டு நடந்து போனேன். லாரியில ஏத்துற இடத்துல கல்லக் கல்லப் பொரட்டிப் பாத்தேன். எது உன் புல்லு, எது வேறன்னே தெரியல. அந்த வெள்ள முடிய கண்ணாடி போட்டுத் தேடுனேன்... ஒரு தூறு கெடைக்கல.

ஆக்னஸ்: அதான் இதுக்கு இவ்வளவு தண்ணியா?

தேவசகாயம்: வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?

ஆக்னஸ்: மூணு வாரமா தலவலி, பஞ்சர்னு சொல்லத் தெரிஞ்சிச்சி. இதச் சொல்லத் தெரியல.

தேவசகாயம்: எப்படிச் சொல்ல? அங்க என்ன வருதுன்னு தெரியுமா உனக்கு?

ஆக்னஸ்: சொல்லுங்க.

தேவசகாயம்: நாம ஃப்ளாட்டுக்குப் பாரம் எழுதிக் குடுத்தோம்ல... அந்தக் கட்டடந்தான். புரோக்கர் இடத்தக் காட்டுன அன்னைக்கே எனக்குத் தெரியும். நீ வீட்டுல இருந்தபடியே கையெழுத்துப் போட்ட, உனக்குத் தெரியாதுன்னு நானும்...

ஆக்னஸ்: தெரியும்.

தேவசகாயம்: என்னது?

ஆக்னஸ்: பாரத்துக்குப் பின்னால வரைபடம் இருந்துச்சி. உங்க ஆபீஸ் காம்பவுண்டு, அத ஒட்டி அந்த இடம். ஒரு நாள் முழுக்க மேசையிலயே வச்சிருந்தேன். மழைக்காலம் முடிஞ்சிதான் வெடி வைப்பாங்க, அதுக்குள்ள புல்ல அள்ளிரலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, அப்புறந்தான் கையெழுத்துப் போட்டேன்... எனக்கும் ஒரு சொந்த வீடு வேணும்னு இருந்துச்சிங்க.