காலி என்று சொன்ன பலகை

— ஐயோ, என் பொண்ணு! என் தங்கம்! ஏம்மா டிரைவரம்மா, என் பொண்ண எங்கம்மா கொண்டுபோய் விட்ட?

— வெர்லின், குறுக்கிடுறதுக்கு மன்னிக்கணும். குழந்தையக் காணாத அம்மான்னுதான் உங்க வேஷ அட்டையில போட்டிருக்கேன். கீச்சுக்குரல்ல பேசணும்னு போடலையே.

— ஊஃப்டா, அடேயப்பா! முப்பத்தோரு வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டுறேன், மார்லிஸ். எத்தன அம்மாங்க போன்ல கத்தி என் காது கிழிஞ்சிருக்கு! எல்லாம் கீச்சுன்னுதான் இருக்கும்.

— பாருங்க, கேய்லின் சிரிக்கிறாங்க. வேலைக்கு வந்து அவங்களுக்கு இது முதல் குளிர்காலம். வருஷத்துக்கு ஒரு தடவதான் இந்த நடிப்புப் பயிற்சி வைக்கிறோம். தயவுசெஞ்சு கொஞ்சம் நிஜமா செய்யலாமா?

— சரிங்க டீச்சர். அந்த இனிப்புத் தட்ட மட்டும் இந்தப் பக்கம் தள்ளுங்க, நிஜமா செய்யறேன்.

— நன்றி. இன்னொரு தடவ விதியச் சொல்லிடறேன். கேய்லின் டிரைவர், வெர்லின் அம்மா. நடிப்ப நிறுத்திட்டு நிஜமா ஏதாவது சொல்லணும்னா கைய தலைமேல வச்சுக்கணும். அதுவரைக்கும் யாரும் வேஷத்த விட்டு வெளிய வரக்கூடாது. கேய்லின், போன் அடிக்குது. எடுங்க.

— ஹலோ, பஸ் டிப்போ. சொல்லுங்க மேடம்.

— என் பொண்ணு ஸ்கூலுக்கு வரலன்னு சொல்றாங்க. காலையில உன் பஸ்லதான் ஏத்திவிட்டேன்.

— பதட்டப்படாதீங்க மேடம். பொண்ணு பேரு?

— பேரு ஹில்டகார்ட்.

— ஹில்டகார்ட்டா! இந்தக் காலத்துலயா?

— எங்க வீட்டுப் பசு பேரும்மா. பசு நல்லா இருந்துச்சு.

— வெர்லின், தயவுசெஞ்சு...

— சரி சரி. வேஷத்துக்குள்ள போயிட்டேன். ஏம்மா, வெளிய பூஜ்யத்துக்குக் கீழ இருபத்திரண்டு டிகிரி. என் பொண்ணு பஸ்லயே இருந்துட்டா என்ன ஆகும்?

— இருக்க மாட்டா மேடம். சத்தியமா. பஸ்ஸ நிறுத்துனதும் நாங்க கடைசி சீட் வரைக்கும் நடந்துபோய்ப் பார்ப்போம். பார்த்துட்டு, பின் ஜன்னல்ல ‘பஸ் காலி’ன்னு ஒரு பலகைய மாட்டிட்டுத்தான் இறங்குவோம்.

— ரொம்ப நல்ல பதில், கேய்லின். பலகை கடைசி ஜன்னல்ல இருக்கறதே அதுக்குத்தான், நடந்து போகாம மாட்ட முடியாது. மன்னிக்கணும், நானே குறுக்க பேசிட்டேன். அம்மா, நீங்க கேளுங்க.

— நீ மாட்டினியாம்மா?

— பலகை மாட்டியிருந்துச்சு மேடம்.

— அத நான் கேக்கல. நீ மாட்டினியா?

— மாட்டியிருந்துச்சு. நான் கண்ணாடியில பார்த்தேன்.

— எந்தக் கண்ணாடியில?

— டிரைவர் சீட்டுக்கு மேல இருக்கே, அந்தக் கண்ணாடியில.

— ஊஃப்டா, இந்தப் பொண்ணு நல்லாவே நடிக்குது! சட்டியில போட்ட மீன் மாதிரி துடிக்குது பாருங்க. ஏம்மா, முன்னாடி உக்காந்துட்டு கண்ணாடியில பார்த்தேன்னா, பின்னாடி பலகைய மாட்டினது யாரு? பேயா?

— பலகை ராணி.

— என்னது?

— வாரத்துக்கு ஒரு குழந்தை. ஸ்கூல்ல இறங்குறதுக்கு முன்னாடி பலகைய மாட்டிட்டு வரும். நான் ஒரு ஸ்டிக்கர் குடுப்பேன். குழந்தைங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும், அவ்ளோதான்.

— கேய்லின், இது உங்க அட்டையில இருக்குதா?

— இந்த வார ராணி யாரும்மா? ஹில்டகார்ட்டா?

— இல்ல. பிரிட்டா. ஆறு வயசு. கடைசி சீட்டுலதான் உக்காருவா.

— அந்த பிரிட்டா இன்னைக்கு ஸ்டிக்கர் வாங்கிட்டு இறங்கினாளா?

— ஸ்டிக்கரா? இருங்க மேடம், பையில பார்க்கறேன்.

— பதில் சொல்லும்மா. அம்மா காத்துட்டிருக்கேன்.

— கேய்லின்? ஏன் கைய தலைமேல வச்சிருக்கீங்க?

— மார்லிஸ், ஸ்டிக்கர் இங்க இருக்கு. என் சட்டைப் பையில இருக்கு.

— மன்னிக்கணும், எனக்குப் புரியல.

— ஸ்கூல் வாசல்ல ஒரு டீச்சர் வந்து, பஸ்ஸ ஏன் இவ்ளோ தள்ளி நிறுத்துறன்னு கேட்டாங்க. அவங்களுக்குப் பதில் சொல்லிட்டே இருந்தேன். குழந்தைங்கல்லாம் திமுதிமுன்னு இறங்கினாங்க. அப்புறம் கண்ணாடியில பார்த்தேன். பலகை மாட்டியிருந்துச்சு. கதவ மூடினேன், வந்துட்டேன். அவ்ளோதான். ஸ்டிக்கர் குடுக்கவே இல்ல.

— அவ இறங்கினத நீ பார்த்தியா?

— பலகையத்தான் பார்த்தேன், வெர்லின்.

— கையக் கீழ எடுக்காத. மார்லிஸ், இது நடிப்பு இல்ல. எந்த பஸ்?

— பதினாலு. பின்னாடி பட்டன் அமுக்குனாத்தான் அலாரம் நிக்கும்ல, அந்த மாதிரி புது பஸ் இல்ல. பழசு.

— வந்து எவ்ளோ நேரமாச்சு?

— எட்டேகாலுக்கு நிறுத்தினேன்.

— இப்ப எட்டு அம்பது. மார்லிஸ், ஸ்கூலுக்குப் போன் போடுங்க. அந்த வாக்கி டாக்கியக் குடுங்க. நீ வராத பொண்ணே, இந்தப் பனியில வழுக்கி விழுந்துடுவ. இங்கயே இரு.

— ஹலோ, டிப்போலருந்து மார்லிஸ் பேசுறேன். தொந்தரவுக்கு மன்னிக்கணும். முதல் வகுப்புல பிரிட்டான்னு ஒரு குழந்தை... ஆமா. கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா? இருக்கேன்... வரலைன்னு குறிச்சிருக்கீங்களா? வீட்டுக்குச் சொல்லியாச்சா? பத்து மணிக்குத்தான் தகவல் போகுமா? இல்ல, காய்ச்சலா இருக்காது. நான் திரும்பக் கூப்பிடறேன்.

— மார்லிஸ், பலகை மாட்டியிருந்துச்சு. சத்தியமா மாட்டியிருந்துச்சு.

— எனக்குத் தெரியும், கேய்லின்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எட்டரைக்கு உள்ள வரும்போது எல்லா பஸ்ஸையும் பார்த்துட்டுத்தான் வந்தேன். தினமும் பார்ப்பேன். பதினாலுல பலகை இருந்துச்சு. என் தாள்ல டிக் போட்டேன். ரொம்பக் குளிரா இருந்துச்சு, சீக்கிரமா டிக் போட்டுட்டு உள்ள வந்துட்டேன். காபி போட்டேன்.

— மார்லிஸ், கேக்குதா? வெர்லின் பேசுறேன்.

— கேக்குது, சொல்லுங்க.

— பதினாலு பக்கத்துல வந்துட்டேன். இதுல பலகை இல்ல.

— என்ன சொல்றீங்க?

— பின் ஜன்னல்ல பலகை இல்லைன்னு சொல்றேன். கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருக்கு, உள்ள ஒண்ணும் தெரியல. ஆனா கண்ணாடிய ஒட்டிப் பலகை எதுவும் இல்ல. நம்பர் சரிதானா?

— பதினாலுதான்! இருந்துச்சு வெர்லின்! நான் பார்த்தேன், மார்லிஸும் பார்த்திருக்காங்க!

— கதவு உறைஞ்சு கெடக்கு. இரு... ஹும்... தொறந்துடுச்சு. ஹலோ! உள்ள யாராவது இருக்கீங்களா?

— என்ன, வெர்லின்? ஏதாவது சத்தம் வருதா?

— ஒண்ணும் வரல.

— ஐயோ.

— நடந்துட்டிருக்கேன். நாலாவது சீட். காலி. ஆறாவது. காலி. ஒன்பதாவதுல ஒரு கையுறை கெடக்கு. சின்னது.

— சிவப்பா? வெர்லின், சிவப்பா?

— சிவப்பு.

— அது அவளோடது. அவளோடதுதான். மார்லிஸ், என் கையப் பிடிச்சுக்கோங்க.

— பிடிச்சிருக்கேன்மா. வெர்லின், ஏன் பேசாம இருக்கீங்க? வெர்லின்! பேசித் தொலைங்களேன்!

— இருக்கா.

— எப்படி இருக்கா?

— கடைசி சீட்டுல காலத் தூக்கி மேல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பனி உடுப்பு கழுத்து வரைக்கும் போட்டிருக்கா. மூக்கு செர்ரிப் பழம் மாதிரி சிவந்திருக்கு. ஒரு கை ஜில்லுன்னு இருக்கு, என் சட்டைக்குள்ள வச்சுத் தேய்க்கிறேன். முழிச்சுத்தான் இருக்கா. என்னயே மொறைக்கிறா.

— அழறாளா?

— இல்ல. நான்தான் அழுதுட்டிருக்கேன்.

— வெர்லின், அவ ஏன் எழுந்து வரல? கதவத் தட்டியிருக்கலாமே. கத்தியிருக்கலாமே.

— கேட்டேன். கையுறை விழுந்து எங்கயோ சறுக்கிப் போச்சாம். சீட்டுக்கு அடியில தேடிட்டிருக்கும்போது பஸ் கெளம்பிடுச்சாம். டிரைவரம்மா சொல்லாம யாரும் சீட்ட விட்டு எழுந்திரிக்கக் கூடாதுன்னு நீதான் சொல்லியிருக்கியாம். இன்னும் சொல்லலையாம்.

— ஐயோ, பிரிட்டா...

— கேய்லின், கொஞ்சம் உக்காருங்க. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். அப்புறம் அவங்க அம்மாவுக்குப் பேசணும்.

— அம்மாகிட்ட நான் பேசுறேன்.

— நீங்க பேசுனா வேலை போயிடும்னு தெரியும்ல?

— தெரியும். யார் பேசுனாலும் போகத்தான் போகுது. நான் பேசுறேன்.

— சரி. பேசும்போது நான் பார்க்காம போட்ட டிக்கையும் சொல்லிடுங்க. விட்டுடாதீங்க.

— மார்லிஸ், இன்னும் இருக்கீங்களா? பலகை கெடைச்சுடுச்சு.

— எங்க?

— அவ மடியில. பத்திரமா கட்டிப் பிடிச்சு வச்சிருக்கா. இங்க குடுன்னாலும் குடுக்க மாட்டேங்கறா.

— வாக்கி டாக்கிய அவ வாய்கிட்ட வைங்க, வெர்லின். பிரிட்டா, கண்ணு, நான் கேய்லின். காலையில நீதான பலகைய மாட்டின? அப்புறம் ஏம்மா கழட்டின?

— ‘பஸ் காலி’ன்னு எழுதியிருக்கு. நான் உள்ள இருக்கேன்ல?