உயரமான கண்ணாடி

நெய்வேலியில் பைக் உதிரிபாகக் கடையில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு தம்பதி, காற்றைத் தடுக்கும் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உயரமானதா குடுங்க,” என்றார் கணவர். “காத்துல நான் பேசறது இவளுக்குக் கேக்கல.”

“அப்ப குட்டையே போதுங்க,” என்றாள் மனைவி.

கடைக்காரர் சிரித்தார். “வண்டி ஓட்டறது யாரு?”

“நாந்தாங்க. கால்ல அடிபட்டதுலேர்ந்து இவரால கியர் போட முடியல. ஷிப்டுக்கு நான்தான் கூட்டிக்கினு வரேன்.”

“வூட்டுக்குப் போறதுக்குள்ள இவளுக்குக் கண்ணு செவந்துபோவுது. கேட்டா, ஒண்ணுமில்லன்றா,” என்றார் கணவர், கடைக்காரரிடம்.

அவள் உயரமான கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள்.

“இது போட்டா, பின்னாடி உக்கார்றவருக்கும் காத்து அடிக்காதுங்களா?”

“அவ்வளவா அடிக்காதும்மா.”

“சரி, இதையே மாட்டிடுங்க.”